திருமலைக் கடலில் நகை விழுந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமலையில், அதாவது திருகோணமலையில், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் குளிக்கிற காலம் வந்தால், கூடவே நகை தொலைக்கிற காலமும் வந்துவிடும். ஓகஸ்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிற்கும் சொந்தக்காரர், ஆடி அமாவாசைக்கு முழுகப் போகிறவர்கள், பாடசாலை விடுமுறைக்கு வான் பிடித்து வரும் குடும்பங்கள் என்று எல்லாரும் இறங்கும் கடல் இது. மெட்டல் டிடெக்டரோடு நீருக்குள் தேடப் போகும் எங்களிடம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு கடற்கரைக்கு ஓடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

மோதிரம் இப்போதுதான் கழன்று விழுந்தது. முதலில் என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு. குனிந்து இரண்டு கையாலும் மணலைக் கிளறுவார்கள், கரையில் இருக்கும் உறவெல்லாம் ஓடிவந்து காலால் துழாவும். அந்தப் பத்துப் பேரின் கால்தான் மோதிரத்தை ஒரு சாண் கீழே இறக்கிவிடும்.

நின்றபடியே கரையைப் பாருங்கள். ஒரே நேர்க்கோட்டில் வருகிற இரண்டு பொருட்களைப் பிடியுங்கள், முன்னால் ஒரு தென்னை, அதற்குப் பின்னால் ஹோட்டல் கூரையின் மூலை என்கிற மாதிரி. பிறகு தலையைத் திருப்பி, வேறு பக்கத்தில் இன்னொரு சோடி பிடியுங்கள். அந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நம் மீனவர்கள் நடுக்கடலில் பாரும் கல்லும் (நீருக்கடியில் உள்ள பாறைத்திட்டுகள்) இருக்கும் இடத்தைத் தலைமுறையாகக் கண்டுபிடிப்பது இப்படித்தான். கரையில் நிற்கும் ஒருவரை அந்தக் கோடுகளைப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் உங்களுக்கு இடுப்பளவா, நெஞ்சளவா என்பதையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திருமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. அதனால் இன்று இடுப்பளவு என்றால் நாளைக்கும் ஏறத்தாழ அதே ஆழம்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குறி 5 மீட்டர் பிசகினால் நாங்கள் தேட வேண்டிய பரப்பு 78 சதுர மீட்டர். 10 மீட்டர் பிசகினால் 314. பிசகு இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாலும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. போனின் ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதை எடுத்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அலை அடித்துக்கொண்டு போயிருக்காதா? இனி எங்கே கிடைக்கப் போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே பலர் அழுதுவிடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, தங்கம் ஓடாது, இறங்கும். சுத்தத் தங்கம் அதே அளவு தண்ணீரைப் போல 19 மடங்கு பாரம், நம் 22 கரட் நகை கிட்டத்தட்ட 18 மடங்கு. கடற்கரை மணலோ இரண்டரை மடங்கு சொச்சம்தான். அலை மணலைக் கிளப்பிக்கொண்டு போகும்போது மோதிரம் மணலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளிஞ்சல் துண்டுகளும் பருமணலும் சேர்ந்த கெட்டியான படையைத் தொட்டதும் நின்றுவிடும். போகிற திசை கீழே என்பதால்தான் விழுந்த இடத்தைக் குறிப்பது இத்தனை முக்கியம்.

அலை உடைகிற இடத்தில் விழுந்தால் மணிக்கணக்கிலேயே புதையத் தொடங்கும். அலை உடைகிற வரிக்கு வெளியே, நெஞ்சளவுத் தண்ணீரில் அமைதியான நாளில் விழுந்தது மறுநாள் காலையில் மணலின் மேலேயே கிடப்பதும் உண்டு. ஆகவே மெஷின் தேடி அலைவதற்கு முன், காலையில் ஆட்கள் இறங்குமுன், சுழியோடும் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மேலே மிதந்து பாருங்கள். மெல்லிய சங்கிலி, ஒற்றைத் தோடு போன்ற பாரமில்லாதவை மட்டும் கொஞ்சம் நகரும். அவற்றை அலை உடையும் இடத்துக்கும் முதல் மணல்திட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தேடுவோம்.

மோதிரம் ஏன் கடலில் மட்டும் கழன்று விழுகிறது?

நீரில் உடம்பு குளிரும்போது விரல் மெலியும். அதோடு சன் கிரீமும் எண்ணெயும் வழுக்கும். பந்து எறிவதும், பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் மிச்ச வேலையைச் செய்துவிடும். குளிக்கப் போகுமுன் கழற்றி வீட்டில் வையுங்கள். கடற்கரையில் துவாய்க்குள் சுற்றி வைக்க வேண்டாம், துவாயை உதறும்போது மணலில் விழுந்த நகைகளையும் நாங்கள்தான் தேடுகிறோம்.

எந்த டிடெக்டர் சரிப்படும்? தரையில் பாவிக்கிறது இருக்கிறது, அது போதாதா?

பெரும்பாலும் போதாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரண மெஷினுக்கு அந்தக் கடலே பெரிய உலோகத் தகடு மாதிரித்தான். ஈர மணலில் வைத்ததும் நிற்காமல் கத்தும்.

கடலுக்கு இரண்டு வகை உதவும். ஒன்று, பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பி உப்பின் சத்தத்தைக் கழித்துவிடும் வகை. மைன்லேப் ஈக்வினாக்ஸ் இந்த இனம். அதில் கடற்கரைக்கென்றே இரண்டு மோட் இருக்கிறது, நீருக்கடியில் இரண்டாவதை வைத்துத் தேட வேண்டும். இன்னொன்று, சிறு சிறு மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. இது உப்பையும் கறுப்பு மணலையும் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஆழமாகவும் பார்க்கும். ஆனால் ஆணி, இரும்பு, தங்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். கரெட் சீ ஹன்டர் மார்க் 2 இப்படிப்பட்டது.

வாங்குமுன் ஆழத்தைப் பாருங்கள். ஈக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் வரைக்கும்தான். சீ ஹன்டர் 65 மீட்டர் தாங்கும். சில மெஷினில் கொயில், அதாவது கீழே இருக்கும் வட்டத் தட்டு மட்டும் தண்ணீரைத் தாங்கும், மேலே உள்ள பெட்டிக்குள் ஒரு அலை தெறித்தாலே கதை முடிந்தது. ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும், புளூடூத் கடல்நீருக்குள் வேலை செய்யாது. பொருள் கிடக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டும், கையில் பிடிக்கும் சிறிய பின்பொயின்டர் ஒன்றும், நீண்ட பிடிபோட்ட, ஓட்டைகள் உள்ள எவர்சில்வர் ஸ்கூப் ஒன்றும் இல்லாமல் இறங்கிப் பிரயோசனம் இல்லை.

எங்கள் பக்கம் மணல் கறுப்பு வரிவரியாக இருக்கிறது. அதனால் மெஷின் குழம்புமா?

குழம்பும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் தொழிற்சாலை இருப்பதே அந்தப் படிவுகளை நம்பித்தான். அங்கே அள்ளி எடுப்பதை நம் கரைகளில் கடல் மெல்லிய படையாக விரித்து வைத்திருக்கிறது. அந்த மணலில் மெஷினின் உணர்திறனைக் குறைத்து, நிலச் சமப்படுத்தலை, அதாவது மணலில் உள்ள கனிமத்துக்கு ஒலிக்காதபடி மெஷினைச் சரிசெய்வதை, புதிதாகச் செய்துவிட்டுத் தேடுங்கள்.

ஆனால் அந்தக் கறுப்பு வரியைத் திட்டாதீர்கள். சாதாரண மணலைவிடப் பாரமானவை சேருகிற இடம் அது. இல்மனைட்டை அங்கே கொண்டுபோய் ஒதுக்கிய அதே நீரோட்டம் ஈயக்குண்டையும் காசையும் மோதிரத்தையும் அங்கேயே ஒதுக்கும். எந்த இடம் என்றே தெரியாமல் தேடும்போது நான் முதலில் போவது அங்கேதான்.

தண்ணீருக்குள் எப்படித் தேடுவீர்கள்?

குறித்த இடத்தில் ஒரு கம்பியைக் குத்தி, கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றி வருவோம். ஒரு சுற்று முடிந்ததும் கொயிலின் பாதி அகலத்துக்குக் கயிற்றை விடுவோம், அதற்கு மேல் விட்டால் இடையில் பார்க்காத வளையம் ஒன்று மிஞ்சும். கொயிலை மணலோடு ஒட்டினாற்போல, சாயாமல், மிக மெதுவாக ஆட்ட வேண்டும். ஒரு மோதிரம் ஏறத்தாழ 20 சென்ரிமீட்டர் ஆழம் வரைக்கும் கேட்கும், கொயிலைத் தூக்கித் தூக்கி ஆட்டினால் அதில் பாதியை நீங்களே தின்றுவிடுவீர்கள்.

தேடத் தொடங்குமுன் இன்னொரு காரியம். தொலைந்ததைப் போன்ற மோதிரம் ஒன்றைத் தூண்டில் தங்கூசியில் கட்டி மணலில் போட்டு, மெஷின் அதற்கு எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். காதுக்கு அந்த ஒலி பழகிவிட வேண்டும்.

உப்புவெளியில் ஒரு காலை நேரம், புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு பிள்ளையின் மோதிரத்தை என் தம்பியும் நானும் தேடினோம். நெஞ்சளவுத் தண்ணீர். சத்தம் நல்ல உருண்டையாக, இரண்டு பக்கமிருந்து ஆட்டினாலும் ஒரே இடத்தில் கேட்டது. ஸ்கூப்பால் அள்ளித் தூக்கினால் கிளிஞ்சலும் பருமணலும்தான். பள்ளத்தில் மறுபடி கொயிலை வைத்தால் சத்தம் இல்லை. “கொட்டிப்போட்டு வா அண்ணா, பிறகு பார்ப்பம்” என்றான். கொட்டுமுன் ஸ்கூப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு ஓட்டைக்குள் மோதிரம் குத்துநிலையாகச் சிக்கி நின்றது, பாதி உள்ளே, பாதி வெளியே, அதன் வளையத்துக்குள் ஒரு கிளிஞ்சல் துண்டு அடைத்துக்கொண்டு. தட்டிக் கொட்டியிருந்தால் இன்னொரு தடவை கடலுக்குள். பள்ளத்தில் சத்தம் நின்றுவிட்டால் பொருள் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டை ஓட்டையாகப் பாருங்கள்.

முழுகித் தேடும்போது ஸ்கூப் வேண்டாம். கையை விசிறி போல மெதுவாக அசைத்தால் மணல் தானாகவே விலகும், பாரமானது அங்கேயே கிடக்கும். நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து வேலை செய்தால் கலங்கல் பின்னால் போய்விடும்.

சத்தத்தை வைத்து இது தங்கம்தான் என்று சொல்ல முடியுமா?

முடியாது. இரும்பைப் பல நேரம் பிரித்தறியலாம், கரகரத்து உடைந்து ஒலிக்கும். ஆனால் தங்க மோதிரமும், சோடா டின்னின் அலுமினிய வளையமும், வலையில் இருந்து கழன்ற ஈயமும் மெஷினின் திரையில் பக்கத்துப் பக்கத்து எண்களில்தான் வரும். கரைவலை இழுக்கிற கரையில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. குப்பையை ஒதுக்குகிறேன் என்று அந்த எண்களை மூடிவிட்டால் மோதிரத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். எல்லாவற்றையும் அள்ள வேண்டும். அள்ளிய குப்பையைத் திருப்பிக் கடலில் போடாமல் இடுப்புப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், அடுத்த தடவை அதே மூடிக்கு மறுபடி குனியாமல் இருக்கலாம்.

அம்மாவின் தாலிக்கொடி விழுந்துவிட்டது. மோதிரத்தைவிடப் பெரியதுதானே, சுலபமாகக் கிடைக்குமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெஷினுக்கு முழு வளையம் பிடிக்கும், மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவர முடிவதால் சின்ன மோதிரமும் பலமாக ஒலிக்கும். சங்கிலியை அது ஒரு பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டு பவுண், அதாவது 16 கிராம் மெல்லிய சங்கிலி, மூன்று கிராம் மோதிரத்தைவிடக் குறைவாக ஒலிப்பது அதனால்தான்.

நம்முடைய தாலிக்கொடி தடிப்பானது, தாலியும் கொழுக்கியும் சேர்ந்திருக்கும். ஆகவே நம்பிக்கை இருக்கிறது. மெஷினுக்கு முதலில் அகப்படுவது தாலிதான். ஆகையால் எங்களைக் கூப்பிடும்போது கொடியின் பவுணைச் சொல்வதைவிட, தாலி எவ்வளவு பெரியது, கொழுக்கி என்ன மாதிரி என்று சொல்லுங்கள், கல்யாண அல்பத்தில் கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி என்றால் அந்தத் தாலியின் அளவு ஒன்றுதான் கணக்கு.

வெள்ளிக் கொலுசு நல்ல சத்தம் தரும். வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் மஞ்சள் தங்கத்தைவிடத் தாழ்வான எண்ணில் வரும். முத்து, பவளம், வைரம் ஆகியவற்றை எந்த மெஷினும் காட்டாது, அவை பதித்த உலோகத்தைத்தான் காட்டும்.

காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் போட்டுப் பார்க்கலாமா?

தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. நம் கரையில் கறுப்பு மணல்தான் தாடி வளர்த்ததுபோல ஒட்டிக்கொண்டு வரும்.

எந்த மாதத்தில் தேடுவது நல்லது?

சித்திரை முதல் புரட்டாதி வரை நம் கடல் அமைதி. சோளகமும் கச்சானும் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காலம், காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் தை வரைக்கும் இறங்கக் கூடாத நாட்களே அதிகம்.

ஆனால் வாடை வேறு ஒரு வேலையும் செய்கிறது. கரையில் இருந்து மணலை அரித்து வெளியே கொண்டுபோய்த் திட்டாகப் போடும். அமைதிக் காலத்தில் அந்த மணல் மறுபடி கரைக்கு வந்து எல்லாவற்றையும் மூடும். ஓகஸ்டில் தேடிக் கிடைக்காத பொருள் மாசியில், மணல் இன்னும் திரும்பி வராதபோது, ஒரு சாண் மேலே இருக்கலாம். ஒரு சீசனில் கிடைக்கவில்லை என்பதற்காகக் குறிப்பையும் படத்தையும் அழித்துவிடாதீர்கள்.

படகில் இருந்து விழுந்தது. ஆழமான இடம். தேட முடியுமா?

திருமலை உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே தரை சட்டென்று இறங்கிவிடும் இடங்கள் உண்டு. விழுந்த கணத்திலேயே நங்கூரமோ, கயிறு கட்டிய போத்தலோ போட்டு இடத்தைக் குறிக்காவிட்டால் கஷ்டம். குறித்திருந்தால், பயிற்சி பெற்ற சுழியோடிகள், ஒருவர் தனியாக அல்ல, இருவராக இறங்கித் தேடலாம். உட்துறைமுகப் பக்கம் சேறு. கை பட்டதும் கலங்கி ஒன்றும் தெரியாது, பொருளும் மணலைவிட ஆழமாக அமிழும். அங்கே நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

நீருக்குள் என்ன ஆபத்து?

முதலாவது, தெரியாத இரும்பு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. பிறகு நம் காலத்து யுத்தமும் இந்தக் கடலில்தான் நடந்தது. நீளமான, உருளையான, துருவேறிய எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள், ஸ்கூப்பால் தட்டாதீர்கள். இடத்தைக் குறித்துவிட்டு வெளியே வந்து பொலிசுக்கோ கடற்படைக்கோ சொல்லுங்கள்.

இரண்டாவது, திருக்கை. காலைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலில் உரசி உரசி நடந்தால் அது முன்கூட்டியே உணர்ந்து விலகிப்போகும். அடிப்பாகம் தடித்த சப்பாத்துப் போடுங்கள். ஹெட்போன் போட்ட காதுக்கு அலையும் படகும் கேட்காது, கரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். நகை போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, ஆனால் கொந்தளிக்கும் கடலில் இறங்காமல் திரும்பி வரும் தைரியம் எல்லாருக்கும் வேண்டும்.

யாரிடமாவது அனுமதி எடுக்க வேண்டுமா?

நகை தொலைந்ததும் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். அந்தத் துண்டு கையில் இருப்பது முக்கியம். நம் நாட்டில் மெஷினோடு ஒருவரைக் கண்டால் புதையல் தோண்டுகிறவர் என்றுதான் முதலில் சந்தேகம் வரும், அதற்குக் காரணமும் உண்டு. தேடப் போகும் நாளையும் இடத்தையும் பொலிசுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்து ஹோட்டலுக்கும், அந்தக் கரையில் வலை இழுக்கும் சம்மாட்டிக்கும் (வலையின் சொந்தக்காரர்) சொல்லுங்கள். சம்மாட்டியிடம் சொல்வதில் இன்னொரு நன்மை, அந்தக் கரையின் பள்ளம் திட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சில இடங்களில் தேடவே கூடாது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஸ்கூப்பைக் குத்துவது பவளப்பாறையைக் குத்துவதாகும். நகை விழுந்தால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் சொல்லுங்கள். கடற்படை, விமானப்படை எல்லைகளுக்குள்ளும் அப்படியே. கோணேசர் மலையடியில் 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் எச்சங்கள் கடலுக்கடியில் கிடக்கின்றன, 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். அது நம் முன்னோரின் கல். பழம்பொருளைக் கிளப்புவது சட்டப்படி குற்றம், அதற்கும் மேலே, அங்கே மெஷினைக் கொண்டுபோக மனம் வரக் கூடாது.

தேடும்போது வேறு யாரோ ஒருவரின் நகை கிடைத்தால்?

அது உங்களுடையது அல்ல. பொலிசில் ஒப்படையுங்கள், பக்கத்து ஹோட்டல்களிலும் சொல்லி வையுங்கள். “மோதிரம் ஒன்று கிடைத்திருக்கிறது” என்று மட்டும் அறிவியுங்கள், படம் போடாதீர்கள். உள்ளே என்ன எழுத்து வெட்டியிருக்கிறது, கல் என்ன நிறம் என்பதை உரிமை கேட்டு வருபவர்தான் சொல்ல வேண்டும். தொலைத்தவர்களுக்கும் இதே புத்தி, உங்கள் அறிவித்தலில் ஒரு அடையாளத்தையாவது சொல்லாமல் வைத்திருங்கள்.

எவ்வளவு கேட்பீர்கள்?

தேடுகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். எண்ணெய்ச் செலவும் சாப்பாடும் போதும் என்பவர் உண்டு, கிடைத்தால் இவ்வளவு என்று பேசுபவரும் உண்டு. எதுவானாலும் தண்ணீரில் இறங்குமுன் பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

பல வருடமாகிவிட்டது. இன்னும் இருக்குமா?

தங்கம் கரையாது, உப்பு அதை அரிக்காது. இருக்கும். எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி. 2004 சுனாமிக்கு முன் தொலைந்ததென்றால் நம் கிழக்குக் கரையின் மணல் அன்றைக்கே இடம் மாறிவிட்டது, பழைய குறிகளை நம்ப முடியாது. அதற்குப் பிறகு தொலைந்தது, இடமும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றால், மாசி பங்குனியில் ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண் அல்ல.

கிடைத்துவிட்டது! எப்படிக் கழுவுவது?

நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மென்மையான சவர்க்காரமும் பிள்ளைகளின் பல்துலக்கியும் கொண்டு மெதுவாகத் தேய்த்தால் போதும். கல் அல்லது முத்து வைத்த நகைக்குப் புளியும் தேசிக்காயும் வேண்டாம், முத்தை அமிலம் தின்றுவிடும். வெள்ளி கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், மேலேதான் கறுப்பு. கற்களைப் பிடித்திருக்கும் கொம்புகளில் மணல் சிக்கி இளகியிருக்கும், போடுமுன் ஒருமுறை பத்தரிடம் கொடுத்து இறுக்கி வாங்குங்கள். விரலுக்குப் பெரிதாக இருந்தால் அதையும் அப்போதே சின்னதாக்கிக்கொள்ளலாம்.